மீட்டர் மேலே ஒன்றரை: ஒரு பெங்களூர்க் குழுவின் பாட்டுகள்

பெங்களூர் ராக் இசை என்றதும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது 'அகம்' குழுதான். 2007இல் சன் டிவியின் 'ஊ லலலா' போட்டியில் வென்ற குழு, ஏ.ஆர். ரகுமான் நடுவர். பெயரும் தமிழ். தியாகராஜரின் கிருதியை கிட்டாரோடு கேட்டால் வீட்டுப் பெரியவர்களுக்கும் தலையாட்டத் தோன்றும். நான் இங்கே பேச விரும்புவது நம்மவர்கள் அதிகம் காது கொடுக்காத இன்னொரு குழுவைப் பற்றி: 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்'.

1996இல் தொடங்கிய குழு. பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. மூன்று 'மல்'லும் ஒரு காலும், அதாவது மூன்று மலையாளிகளும் ஒரு கால்வாசி மலையாளியும். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருந்துவிட்டு, 'நீங்க எந்த ஊரு?' என்ற கேள்விக்கு இன்னும் திணறுகிற நமக்கு இந்தக் கணக்கு புரியாதா என்ன!

பாடுவது ஆங்கிலத்தில். 'இங்கிலீஷ் பாட்டுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?' என்று கேட்கலாம். பாட்டுத் தலைப்புகளையே பாருங்கள். ஒன்று 'பேப்பர் புலி'. கன்னடத்தில் அது 'ஹுலி'. புலி என்பது தமிழனுக்கும் மலையாளிக்கும் பொதுவான சொல். இன்னொன்று 'மீட்டர் மேலே ஒன் அண்ட் எ ஹாஃப்'. ராத்திரி ஆட்டோ பிடித்த எவருக்கும் இதற்கு உரை வேண்டியதில்லை. 'மேலே' கன்னடமா தமிழா என்று பிரிக்கவும் முடியாது. மெஜஸ்டிக்கில் பேசுகிற பாஷை அது.

2000இல் வந்த முதல் தொகுப்புக்குத் தங்கள் இணையதள முகவரியையே பெயராக வைத்தார்கள். பிறகு 'ஜூபிடர் கஃபே' (2002), 'பிளான் பி' (2005), 'திஸ் இஸ் இட்' (2008). பாடகரும் கிட்டார்க் கலைஞருமான புரூஸ் லீ மணி, டிரம்ஸ் வாசிக்கும் ராஜீவ் ராஜகோபால் இருவரும் தொடக்கத்திலிருந்தே தூண்கள்.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். 'பவர் பாப்' என்று ஒரு வகை உண்டு. பீட்டில்ஸ் வழி வந்தது: மூன்று நிமிடம், முணுமுணுக்க ஒரு மெட்டு, கிட்டார் வேகம், அவ்வளவுதான். இவர்களுக்கு மெட்டுப் போடத் தெரியும். அதில் நிற்கத்தான் மனசு வராது. ஜாஸுக்குத் தாவுவார்கள், தாளத்தை மாற்றுவார்கள். நம் கச்சேரியில் கல்பனாஸ்வரம் நீண்டு பல்லவி மறந்துபோவது மாதிரி. வித்தை இருக்கிறது, வீட்டுக்குப் போகும்போது முணுமுணுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

2012இல் 'த்ரீ வீல்ஸ் நைன் லைவ்ஸ்' வந்தது. ஆட்டோவை மையமாக வைத்த, மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பு, பாட்டுகள் 28. கொஞ்சம் வெட்டியிருக்கலாம். ஆனாலும் அவர்களுடைய தொகுப்புகளில் நான் மேலாக வைப்பது இதைத்தான். அகத்தின் முதல் தொகுப்பும் அதே ஆண்டுதான் வந்தது. ஒன்று நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த சங்கீதத்தைத் திருப்பித் தருகிறது. மற்றது நாம் வந்து சேர்ந்த ஊரைப் பாடுகிறது. நம் பிள்ளைகள் வளர்ந்தது இரண்டாவதில்.

புதிதாகக் கேட்பவர்கள் மூன்று தட்டுகளையும் ஒரே மூச்சில் போட வேண்டாம். முதலில் அந்த மீட்டர் பாட்டு, ஓர் இடைவெளி, அப்புறம் 'ஜூபிடர் கஃபே'. 2020இல் வந்த 'எ வேர்ல்ட் கான் மேட்' கடைசியில் இருக்கட்டும். வீட்டில் கிட்டார் வாசிக்கும் பிள்ளை இருந்தால், பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.