காணி வழக்கும் ஓலையும்

இலங்கையில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்தில் வயல்தான் சொத்து. முதிசம், சீதனம், வரம்பு எனச் சொந்தங்களுக்குள் எழும் பிணக்குகள் ஒருகாலம் பனையோலையில் எழுதப்பட்டன. பிள்ளையார் சுழியிட்டு, எழுத்தாணியால் கீறி, கீறலில் கரி தேய்ப்பார்கள். அப்போதுதான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. பழைய எழுத்தில் எகர ஏகார வேறுபாடும் தெளிவில்லை: வயலைக் குறிக்கும் ‘செறு’வும் ‘சேறு’ம் ஒரே உருவம். வழக்காடுபவருக்கு வேறென்ன வேண்டும்! 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு உறுதியைக் கட்டாயமாக்கியது. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்ட காகிதம் வந்தபின், தமையன் தம்பிக்கு எழுதிய ஓலை காணியை மாற்றும் வலுவை இழந்தது.