பத்தாயச் சாவி யார் கையில்? மருமக்கள்வழி மான்மியமும் ஒரு பதினேழு வயசும்

போன மாசம் எங்க தெருப் பையன் ஒருத்தன் கேட்டான். பிளஸ் டூ படிக்கிறான். வயசு பதினேழு.

"அண்ணே, சட்டப்படி நான் வீட்டை விட்டுத் தனியா இருக்கலாமா? நாகர்கோவில்ல ஒரு ரூம் எடுத்து, ஏதாவது வேலையும் பாத்துக்கிட்டு?"

வீட்டில் அடிதடி எதுவும் இல்லை. அவனுக்கு பி.ஏ. வரலாறு படிக்கணும். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: இன்ஜினியரிங்னா பணம் தருவேன், இல்லைன்னா ஒரு பைசா கிடையாது.

பதில் சொல்வதற்காகச் சட்டங்களைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க கவிமணியின் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்ததில் தோன்றியதுதான் இந்தக் குறிப்பு.

மான்மியம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேரூரில் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளை 1917-18இல் 'தமிழன்' இதழில் தொடராக எழுதியது. நூலாக வந்தது 1942இல். நாஞ்சில்நாடு அன்று திருவிதாங்கூரில் இருந்தது. இங்குள்ள வேளாளரில் ஒரு பெரும் பகுதியினர் மருமக்கள்வழிக்காரர்கள். குடும்பச் சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு மட்டும் வழக்கத்தில் உண்டு. பஞ்சகல்யாணிப் பிள்ளை என்ற காரணவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைச் சொல்வதாக நூல் அமைந்திருக்கிறது. 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்ற தலைப்பே போதும், சொத்து எங்கே கரைந்தது என்று தெரியும். கோடு என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் கோர்ட்டு.

நூலைச் சமூகச் சீர்திருத்த அங்கதம் என்று பாராட்டுவது வழக்கம். பாராட்டு சரிதான். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்தச் சிரிப்புக்கும் பங்கு உண்டு என்பார்கள். ஆனால் இப்போது படிக்கும்போது எனக்கு ஒரு குறை தட்டுப்படுகிறது. இதில் பிள்ளைகள் பேசுவதே இல்லை. அவர்களுடைய பசியும் அவமானமும் தாயின் வாய் வழியாகவே நமக்கு வருகின்றன. கேட்கப்படும் நியாயமும் "தகப்பன் சொத்து மக்களுக்கு" என்பதுதான். பத்தாயச் சாவி மாமன் கையிலிருந்து அப்பன் கைக்கு வந்தால் எல்லாம் தீரும் என்று நூல் நம்புகிறது. அப்பன் கையிலிருக்கும் சாவியே பிள்ளைக்குப் பூட்டாகலாம் என்பது அதற்குத் தோன்றவில்லை.

1917இல் தோன்றாதது தப்பில்லை. ஆனால் நூறு வருஷம் கழித்து நம்முடைய சட்டமும் ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கிறது. அதைத்தான் அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் ரூம். 1875ஆம் வருஷத்து வயதுச் சட்டப்படி 18 நிறைந்தால்தான் மேஜர். அதற்கு முன் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903இலேயே மோஹரி பீபி வழக்கில் முடிவு செய்துவிட்டது. எந்த வீட்டுக்காரர் அவன் கையெழுத்தை நம்பிச் சாவி கொடுப்பார்?

அடுத்தது வேலை. 14 வயதுக்கு மேல் ஆபத்தில்லாத வேலை பார்க்கலாம். ஆனால் கடை, ஹோட்டல் போன்ற இடங்களில் ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளைக்கு 6 மணி நேரம்தான், இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது. பகலில் பள்ளிக்கூடம் போகிறவனுக்கு மிச்சம் என்ன நேரம்?

வங்கிக் கணக்கில் மட்டும் கொஞ்சம் நல்ல செய்தி. 2025 ஜூலையிலிருந்து, 10 வயது நிறைந்தவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே திறந்து நடத்த ரிசர்வ் வங்கி வழிவிட்டிருக்கிறது. வரம்பை அந்தந்த வங்கி வைக்கும். பெட்டி கிடைத்துவிட்டது, போடப் பணம்தான் வேணும்.

கலிபோர்னியாவில் 14 வயதுப் பிள்ளை, தன் வரவுசெலவைத் தானே பார்த்துக்கொண்டு பெற்றோர் சம்மதத்தோடு தனியே இருந்தால், தன்னைப் பெற்றோர் பிடியிலிருந்து விடுவிக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரு கதவு இல்லை.

சரி, சொல்லாமல் கிளம்பினால்? இதற்கு நம் சென்னையிலேயே ஒரு வழக்கு உண்டு. 1960இல் ஒரு கல்லூரி மாணவி, 18 நிறைய ஆறு வாரமே இருக்கும்போது, வீட்டை விட்டுத் தானாக வந்து தான் விரும்பியவரோடு போனாள். அவர் மேல் கடத்தல் வழக்கு. வரதராஜன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. விவரம் தெரிந்த பெண் தானாக வந்தாள், கூடப் போக விட்டது 'கொண்டுபோனது' ஆகாது என்றது தீர்ப்பு. பதினேழு வயசுக்கும் மனசு உண்டு என்று சட்டம் ஒத்துக்கொண்ட அபூர்வமான இடம் அது. ஆனால் கவனியுங்கள், அவளுக்குப் போக ஒரு இடம் இருந்தது. தன் காசில் தனியாக நிற்கும் கேள்வி அங்கே எழவே இல்லை.

இனிதான் எனக்கு உறுத்துகிற விஷயம். 18 நிறையும்வரை பெற்றோர் கவனிக்காமல் விட்டால் பிள்ளை ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் தன் இஷ்டப்படி வேறு இடத்தில் வாழ முடியாது. 18 நிறைந்த மறுநாள் எங்கே வேணுமானாலும் வாழலாம். ஆனால் உடல்நலமுள்ள மகனுக்குக் கேட்க ஒரு பைசா பாத்தியதை இல்லை. இந்துச் சட்டத்தில் சம்பாத்தியமில்லாத மகளுக்குக் கல்யாணம் வரை அந்த உரிமை நீளும். மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், அந்த வீட்டுப் பெண்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆக, சோறு இருக்கும்போது சுதந்திரம் இல்லை. சுதந்திரம் வரும்போது சோறு நின்றுபோகிறது. ஒரே ராத்திரியில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன.

"நம்ம ஊர்ல எந்த அப்பன் பதினெட்டு வயசுல புள்ளைய வெளிய தள்ளுறான்? இருபத்தஞ்சு வரைக்கும் சோறு போடுறானே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது தயவு, உரிமை இல்லை. தயவுக்கு நிபந்தனை உண்டு: இன்ன படிப்பு, இன்ன சாதி, இன்ன பொண்ணு. நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' (1977) இதைத் தொட்ட நாவல். படித்து வேலையில்லாத சிவதாணு மாமனார் வீட்டு வசதிக்குள் போய் மாட்டிக்கொண்டு படும்பாடு அது. மான்மியம் விட்ட இடத்தை அறுபது வருஷம் கழித்து அந்த நாவல் எடுத்துக்கொண்டது என்பது என் வாசிப்பு. உண்ணும் சோறு யாருடையதோ, அவரே நம் தீர்மானத்துக்கும் சொந்தக்காரர்.

கடைசியில் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான். "மக்கா, இப்ப முடியாது. பதினெட்டு நிறைஞ்சா எந்தப் பாடம் படிக்கணும்ங்கிறது உன் முடிவு. அரசு கலைக் கல்லூரியில கட்டணம் கம்மி. அரசுப் பள்ளியில படிச்சதால தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் உன் கணக்குக்கே வரும். அரசு மாணவர் விடுதிக்கும் எழுதிப் போடு. ஆனா விடுதி விண்ணப்பத்துக்கு அப்பா கையெழுத்து கேப்பாங்க." கடைசி வரியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடி உதை இருந்தால் பேச்சே வேறு, 1098-க்குக் கூப்பிடு என்றும் சொல்லிவைத்தேன்.

அந்த 1000 ரூபாயில் ரூம் கிடைக்காது. பெண்களுக்கு 2022இல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024இல் தமிழ்ப்புதல்வன். தொகை சின்னதுதான். ஆனால் அப்பன் கையைத் தொடாமல் பிள்ளை பேருக்கே வருகிற பணம் அது. மாமனும் தராத, அப்பனும் தராத ஒரு உகந்துடைமை. மான்மியம் கேட்க மறந்த பங்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

பையன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். அப்பா இன்னும் இன்ஜினியரிங் என்கிறார். ஜனவரியில் அவனுக்குப் பதினெட்டு.