இணையமும் நூலகப் பணியும்: ஒரு விமர்சன நோக்கு

இணையத்தின் வருகையோடு நூலகங்களின் தேவை அருகிவிட்டதென்பது இன்று பரவலாக நிலவும் கருத்தாகும். ஈழத்துத் தமிழ் நூல்களின் வரலாற்றைக் கொண்டு நோக்குமிடத்து இக்கருத்து மேலோட்டமானதென்பது புலனாகும்.

1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக அறிவைப் பேணுவதன் ஆபத்தை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. 2005இல் தன்னார்வலர் முயற்சியாகத் தோன்றிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இவ்வாபத்துக்கு ஒரு விடையாகும். வீட்டு அலுமாரிகளிற் கிடந்த சிறுசஞ்சிகைகளும், பாடசாலை மலர்களும், முப்பத்தொராம் நாள் நினைவாக வெளியிடப்படும் ‘கல்வெட்டு’களுங்கூட அங்கே மின்வருடப்பட்டுள்ளன. வழமையான நூல்நிலையங்கள் பொருட்படுத்தாதவை இவை. ஆயினும் சமூக வரலாற்றாசிரியனுக்கு இவையே முதன்மைச் சான்றுகள்.

இதனை ‘எரிந்த நூலகத்தின் மீட்சி’ எனப் போற்றுவோருளர். அது உணர்ச்சியின் கூற்றேயன்றி ஆய்வின் கூற்றன்று. எரிந்தவற்றுள் வேறு பிரதியில்லாதவை எரிந்தவையே. எஞ்சியவற்றையே இணையம் காக்கின்றது.

காக்கப்பட்டது யாவும் கண்டெடுக்கப்படும் என்பதுமில்லை. மின்வருடிய பக்கம் கணினிக்கு வெறும் படமே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எழுத்துவடிவில் உள்ளிடுவதால் அவற்றிற் சொல்வழித் தேடல் இயலும். படப்பக்கத்தில் அது இயலாது. எழுத்துணரி மென்பொருளும் மங்கிய தாளிலும் பழைய எழுத்து வடிவங்களிலும் தடுமாறுகின்றது. எனவே ஒரு சஞ்சிகைக் கட்டுரையை ஆய்வாளன் அடைவது, எவரோ ஒருவர் பொறுமையுடன் அதன் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் பதிந்து வைத்தமையாலேயே. புனைபெயர்களை இனங்காணல், ஆண்டு குறிக்கப்படாத வெளியீட்டின் காலத்தை நிறுவுதல், பொருள்வாரியாக வகுத்தல் ஆகியனவும் மனித உழைப்பையே வேண்டி நிற்கின்றன. அவ்வுழைப்பே நூலகரின் பழைய பணி.

ஆகவே இணையம் நூலகரை விலக்கவில்லை. அவரது பொறுப்பைப் பன்மடங்காக்கியுள்ளது. மின்வருடிய பக்கங்களின் தொகையைக் கொண்டு பெருமை கொள்ளும் நாம், பட்டியலாக்கத்துக்குரிய மதிப்பை இன்னும் அளித்தோமில்லை. தீ ஒரே இரவில் அழித்தது. பட்டியலில் ஏறாத நூலோ இருந்தும் இல்லாததாகின்றது. இவ்விரண்டாவது அழிவைத் தடுப்பது பல்கலைக்கழகத்தார் ஏற்கவேண்டிய கடனாகும்.