வாக்குமூலம் வேண்டாத மேடை

போதையிலிருந்து மீள்கிறவர்களுக்குப் பாட்டும் நாடகமும் நல்லது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. மருத்துவர், பாதிரியார், அதிகாரி, தொண்டு நிறுவனத்தார் எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் போடுகிற விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் வேண்டும். மேடையேறுகிறவரிடம் இவர்கள் கேட்பது என்ன? 'விழுந்தேன், எழுந்தேன்' என்கிற ஒரே கதையாடலை. பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் ஒழுங்கானவர் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போகலாம்.

1962இல் பசிபிக் ஜாஸ் நிறுவனம் 'சவுண்ட்ஸ் ஆஃப் சினனான்' என்றொரு இசைத்தட்டை வெளியிட்டது. சார்லஸ் டெடரிக் 1958இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சினனான் குடியிருப்பில், போதையை விட வந்து சேர்ந்த கலைஞர்களே வாசித்தது. கிட்டார் ஜோ பாஸ், பியானோ ஆர்னல்ட் ராஸ். தட்டின் பெயரே மறுவாழ்வு மையத்தின் விலாசம்தான். விற்றதும் அதை வைத்துத்தான். ஆனால் கேட்டுப் பாருங்கள், பாஸின் விரல்களில் திருந்திய பாவனை துளியும் கிடையாது. ஒருவர் மற்றவருக்கு இடம் விடுகிறார், பிறகு பிடுங்கிக்கொள்கிறார். தாளம் தவறினால் பக்கத்திலிருப்பவன் தடுமாறுவான் என்கிற கறாரான பொறுப்பு அங்கே இருக்கிறது. உபதேசத்தில் அது வராது.

அதே சினனானில் 'விளையாட்டு' என்ற பெயரில் இன்னொரு நிகழ்கலையும் இருந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒருத்தரைக் குறிவைத்து வாய்க்கு வந்தபடி கிழிப்பது. உண்மை பேசுகிறார்களாம்! 70களில் அந்த அமைப்பு தன்னை மதம் என்று அறிவித்துக்கொண்டது. பெண்களும் தலையை மழித்துக்கொண்டார்கள். 1978இல், எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞரின் அஞ்சல் பெட்டியில் சினனான்காரர்கள் விஷப்பாம்பை வைத்தார்கள். 1991இல் இழுத்து மூடப்பட்டது. பாஸ் வெகுமுன்பே வெளியே வந்துவிட்டார். 1994இல் சாகும்வரை வாசித்தார்.

ஜான் மால்பீட் 1985இல் லாஸ் ஏஞ்சலஸின் ஸ்கிட் ரோ பகுதியில் தொடங்கிய நாடகக் குழு இந்த வாக்குமூல வட்டத்தை வேறுவிதமாக உடைத்தது. குழுவின் பெயர் 'லாஸ் ஏஞ்சலஸ் வறுமைத் துறை'. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்த ஊர் போலீசின் பெயர் வரும். நடிகர்களில் வீடற்றவர்கள் உண்டு, போதையிலிருந்து மீண்டவர்கள் உண்டு. 2001இல் இவர்கள் போட்ட 'ஏஜென்ட்ஸ் அண்ட் அசெட்ஸ்' நாடகத்தின் பிரதி, 1998 மார்ச் 16 அன்று அமெரிக்கக் காங்கிரசின் உளவுத்துறைக் குழு நடத்திய விசாரணையின் பதிவு. நிகரகுவாவின் கான்ட்ரா ஆதரவாளர்கள் லாஸ் ஏஞ்சலசுக்குக் கோக்கெய்ன் கொண்டுவந்தபோது சி.ஐ.ஏ. என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் கேள்வி. ஊழியரல்லாத ஏஜென்டுகள் மீதான போதைக் கடத்தல் குற்றச்சாட்டுகளை சி.ஐ.ஏ. தெரிவிக்க வேண்டியதில்லை என்கிற ஏற்பாடு 1982 முதல் 1995 வரை இருந்ததை, அதன் தலைமை ஆய்வாளர் ஹிட்ஸ் அங்கேதான் சொன்னார்.

1986இன் சட்டப்படி 5 கிராம் கிராக் விற்றவனுக்கும், 500 கிராம் கோக்கெய்ன் பொடி விற்றவனுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, 5 வருஷம். (2010இல்தான் இந்த விகிதத்தைக் குறைத்தார்கள்.) இந்தச் சட்டம் துரத்திய தெருவின் மனிதர்கள்தான் மேடையில் கோட்டு போட்டுக்கொண்டு, 'மாண்புமிகு உறுப்பினர்' ஆகி ஹிட்ஸைக் குடைகிறார்கள். சொந்தக் கதை ஒரு வரி கிடையாது. நாடகமாகப் பார்த்தால் அலுப்புத்தான். ஆபீஸ் பாஷை, நீள நீளமான வாக்கியங்கள். அந்த அலுப்பைக் குறைக்க முயலாததுதான் இதன் பலம் என்பேன். அழுவதற்கு எதுவும் கிடைக்காத பார்வையாளர், வேறு வழியில்லாமல் வாதத்தைக் கவனிக்கிறார். ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. நடிப்பவர் யார் என்று தெரிந்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். கதவுக்கு வெளியே நிறுத்திய வாழ்க்கை வரலாறு பின்வாசல் வழியே வந்துவிடுகிறது.

2003 முதல் அரசே சில்லறைச் சாராயக் கடை நடத்துகிற நம் ஊரின் மதுவிலக்கு வீதிநாடகங்களில், குடிகாரன் தள்ளாடினால் சிரிப்பு, பெண்டாட்டியை அடித்தால் 'உச்சு'. அந்த வேஷத்தையும் குடிக்காத தோழர்தான் கட்டுகிறார். குடியை விட்டவர் ஒருத்தரைக் கூப்பிட்டு, மதுவிலக்கு அமைச்சர் வேஷம் போட்டு, சட்டமன்றக் குறிப்பிலிருந்து மானியக் கோரிக்கை உரையைப் பேசவைத்த குழு எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.