ராடானை வீழ்த்த ஒரு திருவிழா

‘எல்டன் ரிங்’ எப்படிப்பட்ட கேம் என்று இனிமேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் தயாரிப்பு, ஹிடேடாகா மியாசாகி இயக்கம். அந்த உலகத்தின் பழங்கதையை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதைத் தட்டிச் சென்றது. 2025க்குள் மூன்று கோடிப் பிரதிகள் விற்றுவிட்டது. கணினியில் ஓட 12 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, 60 ஜிபி இடம் வேண்டும் என்பது கோவை பீளமேட்டு விடுதி அறைகளில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். வாரக்கணக்கில் விளையாடி முடித்த பிறகு இந்தப் பட்டியலில் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. நிற்பவன் ஒருவன்தான்: ஸ்டார்ஸ்கர்ஜ் ராடான். நூற்றுக்கும் மேற்பட்ட பாஸ் சண்டைகள் உள்ள இந்த கேமில் அவனுடைய சண்டையே தலைசிறந்தது. அவனுடைய வாள்வீச்சைக் காட்டிலும், அவன் சாவுக்கு இந்த கேம் செய்து வைத்திருக்கும் சடங்குதான் அதற்குக் காரணம் என்பது என் வாதம்.

ஃபேன்டஸி கேம்களில் பாஸ் என்றால் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். நீண்ட நடைபாதை, மூடிய கதவு, உள்ளே காத்திருக்கும் பூதாகரமான ஒருவன், திரையின் அடியில் நீளமான ஹெல்த் பார். அவன் ஏன் அங்கே நிற்கிறான், அவன் செத்தால் வெளியே என்ன மாறும் என்று கேட்டால் பல கேம்களிடம் பதில் இருக்காது. அவன் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறான், ஆகவே சாக வேண்டும், அவ்வளவுதான் நியாயம். இதே நிறுவனத்தின் முந்தைய கேம்களிலும் அப்படிப்பட்ட பாஸ்கள் உண்டு. ‘எல்டன் ரிங்’கிலேயே குகைகளிலும் கல்லறைகளிலும் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டும் பாஸ்களுக்குப் பஞ்சமில்லை. ராடான் அந்த வரிசையில் வருபவன் இல்லை. அவனிடம் போய்ச் சேருவதற்கு முன்பே அவன் யார் என்பதை உலகம் நமக்குச் சொல்லிவிடுகிறது. கேலிட் என்னும் பிரதேசம் முழுக்கச் சிவந்து அழுகிக் கிடக்கிறது. அங்கேதான் மெலேனியா என்னும் வீராங்கனையும் ராடானும் மோதினார்கள். வெற்றி தோல்வி முடிவாகாத அந்தப் போரில் மெலேனியாவிடமிருந்து வெடித்துப் பரவிய சிவப்பு அழுகல் நோய் மண்ணையும் தின்றது, ராடானின் அறிவையும் தின்றது. பெரும் படைத்தலைவனாக இருந்தவன் இப்போது மணல்மேட்டில் அலைந்துகொண்டு, தன் வீரர்கள், எதிரி வீரர்கள் என்ற வேறுபாடில்லாமல் பிணங்களைப் பொறுக்கித் தின்கிறான்.

இப்படிப்பட்டவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு ரெட்மேன் கோட்டையில் ஜெரன் என்பவன் சொல்லும் பதில், கேம் வரலாற்றிலேயே அபூர்வமானது: திருவிழா நடத்துவது. ஊர் ஊராக வீரர்களை அழைத்து, கோட்டை முற்றத்தில் கூட்டி, போருக்கு முன்பு ஒரு முழக்கம் கொடுத்து, அந்த மாவீரனுக்குக் கௌரவமான ஒரு சாவைக் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறான். விளையாடுபவரின் பாத்திரம் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள், அவ்வளவே. மணல்வெளியில் போய் இறங்கியதும் ராடான் கண்ணுக்கெட்டாத தொலைவில் நின்று ஊதா நிற அம்புகளை எய்கிறான். அவற்றுக்குத் தப்பி, டொரென்ட் என்னும் குதிரையில் விரைந்தபடி, தரையில் பொன்னிறத்தில் மின்னும் குறிகளைத் தொட்டால் துணைவீரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். ஓநாய்முக பிளைத் வருகிறான், பானை உடம்பு அலெக்சாண்டர் வருகிறான். ஏமாற்றுக்காரன் பேட்சஸும் வந்து, சற்று நேரத்தில் நழுவி ஓடிவிடுகிறான். விழுந்தவர்களை மறுபடி அழைக்கலாம். பாதி ஹெல்த் போனதும் ராடான் வானத்தில் எழும்பி மறைந்து, எரிகல்லாகத் தரையில் வந்து மோதுகிறான். இதில் எங்குமே ஒற்றைக்கு ஒற்றை வீரம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இருக்காது. கந்த சஷ்டியில் மருதமலையிலும் பழநியிலும் சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழநி கிரிவீதிகளில் தாரகாசுரன், பானுகோபன், சிங்கமுகன், சூரபத்மன் என்று ஒவ்வொருவராக எதிரே வருகிறார்கள். ஒவ்வொரு வீதியிலும் ஒரு வதம். புராணத்தில் சூரன் மாமரமாக மாறி நிற்கிறான். வேல் பிளந்ததும் மயிலும் சேவலுமாகி, வென்றவனுக்கே வாகனமும் கொடியும் ஆகிறான். இன்று பாஸ் சண்டையில் கட்டம், உருமாற்றம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வீதிகளில் ஆண்டுதோறும் நடப்பதுதான். அண்ணன்மார் கதை இன்னும் நெருக்கம். பொன்னர், சங்கர் மாண்டதை உடுக்கை அடித்துப் பாடி, படுகளம் நடத்தும் ஊர்களில், ஆட்கள் அருள் வந்து மயங்கி விழுகிறார்கள். அவர்களை வரிசையாகக் கிடத்தி, துணி போர்த்தி, பிறகு எழுப்புகிறார்கள். பெரிய வீரன் ஒருவனின் சாவு தனி மனிதர் யாருடைய சாதனையும் அல்ல, ஊர் கூடி ஏற்றுக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி என்ற உணர்வு அந்தச் சடங்கில் இருக்கிறது. மியாசாகியின் குழுவுக்கு இது எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வலியவனின் சாவுக்கு ஒரு நாள், ஒரு கூட்டம், ஒரு முறை வேண்டும் என்ற அறிவு பல நாட்டு மக்களுக்கும் பொது. கேம் உலகம் அதை மறந்திருந்தது. ராடான் அதை நினைவுபடுத்துகிறான்.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் தீவிர ஆட்டக்காரர்களுடையது. துணைக்கு இத்தனை பேரை அழைத்துக்கொள்ளலாம் என்றால் அதில் திறமை எங்கே இருக்கிறது, மெலேனியாவைத் தனியாக வீழ்த்துவதுதானே உண்மையான சோதனை என்கிறார்கள். கைத்திறனுக்கு மெலேனியாதான் உச்சம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சண்டையின் தரத்தை விரல்களின் வேகத்தால் மட்டும் அளந்தால், கேம் என்னும் கலைவடிவம் பாதியாகச் சுருங்கிவிடும். ராடானிடம் திறமை வேறு வடிவில் தேவைப்படுகிறது: அவன் பார்வை யார் மேல் இருக்கிறது என்று கவனிப்பது, எப்போது நெருங்குவது, எப்போது விலகிப் போய் மீண்டும் ஆட்களைச் சேர்ப்பது என்று கணிப்பது. இது போர்க்களத் திறமை. எளிதானதும் இல்லை, துணைவீரர்கள் பத்து நொடியில் சிதறிக் கிடக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. ராடான் வில்லனே இல்லை, நோய் தின்ற பரிதாபத்துக்குரியவன், அவனை எப்படிச் சிறந்த வில்லன் என்று சொல்வது? பதில் அந்தச் சண்டைக்குள்ளேயே இருக்கிறது. மலைபோன்ற அந்த உடம்பு ஏறி உட்கார்ந்திருப்பது எலும்பும் தோலுமான ஒரு சிறு குதிரை மேல். முதலில் பார்க்கும்போது வடிவமைப்பில் ஏதோ பிழை என்றுதான் தோன்றும். அவனை வென்ற பிறகு கிடைக்கும் நினைவுப்பொருளின் குறிப்பு உண்மையைச் சொல்கிறது: தன் மெலிந்த குதிரையை ஒருபோதும் கைவிடக்கூடாது என்பதற்காகவே அவன் செல்லியா நகரில் ஈர்ப்பு வித்தையைக் கற்றான். அதே வித்தையைக் கொண்டு நட்சத்திரங்களை நகரவிடாமல் நிறுத்தி வைத்தான். நம்மை நசுக்கிய அத்தனை தாக்குதலும் ஒரு குதிரை மேல் வைத்த பாசத்திலிருந்து பிறந்தவை. அவன் செத்ததும் நட்சத்திரங்கள் மறுபடி நகர்கின்றன. ஒன்று விழுந்து பூமியைப் பிளக்கிறது. நோக்ரான் என்னும் பாதாள நகரத்துக்கு வழி திறக்கிறது. வில்லன் என்பவன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவன் இருப்பதால் உலகம் ஒரு விதமாகவும், போனதால் வேறு விதமாகவும் இருக்க வேண்டும். அந்த அளவுகோலில் இந்த கேமில் ராடானுக்கு நிகர் யாருமில்லை.

இவ்வளவு பாராட்டுக்குப் பிறகு குறைகளை மறைப்பது நியாயமாகாது. கேமரா இந்தச் சண்டையின் முதல் எதிரி. குதிரை மேலிருந்தபடி லாக்-ஆன் செய்து அவனை நெருங்கினால், திரை முழுக்க அவன் இடுப்புக் கவசம்தான் தெரிகிறது. வாள் எங்கிருந்து வருகிறது என்பது அடி விழுந்த பிறகுதான் தெரியும். இத்தனை ஆண்டுகளாகப் பேருருவங்களை எதிரே நிறுத்தும் ஒரு நிறுவனம் இந்தக் கேமராவை இன்னும் சரிசெய்யாதது அலட்சியம் என்றே சொல்ல வேண்டும். கணினியில் விநாடிக்கு 60 ஃப்ரேம் என்ற பூட்டு இன்றும் நீங்கவில்லை. இந்திய மொழி எதிலும் வசன எழுத்துகூடக் கிடையாது. இத்தனை நுட்பமான கதையைப் பொருள்களின் ஆங்கிலக் குறிப்புகளைத் தோண்டித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. குதிரையின் கதையே அப்படி ஒரு குறிப்பில்தான் ஒளிந்திருக்கிறது. 2022 மார்ச்சில் வந்த 1.03 அப்டேட் ராடானின் வலிமையைக் குறைத்தது; அது தவறுதலாக நேர்ந்தது என்று அடுத்த மாதம் 1.04 அப்டேட்டில் திருத்தினார்கள். தன் சிறந்த பாத்திரத்தின் வலிமை எவ்வளவு என்பதில் ஒரு நிறுவனம் இப்படித் தடுமாறியிருக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது 2024 ஜூன் 21 அன்று வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ என்னும் கூடுதல் பகுதியின், அதாவது டிஎல்சியின், முடிவு. அந்த டிஎல்சிக்குள் நுழையவே ராடானையும் மோக் என்னும் இன்னொரு பாஸையும் முதலில் கொன்றிருக்க வேண்டும். உள்ளே போய்க் கடைசிக் கதவைத் திறந்தால் நிற்பவன் மறுபடியும் ராடான். மோக்கின் உடலைக் கொண்டு, மெலேனியாவின் உடன்பிறந்த மிக்கெல்லா அவனுக்கு உயிர் கொடுத்திருக்கிறான். மிக்கெல்லாவின் இரக்கம் எவ்வளவு கொடியது என்பதைக் காட்டத்தான் இது என்று சிலர் இந்த முடிவை ஆதரிக்கிறார்கள். கதையளவில் அந்த விளக்கம் பொருந்தும். ஆனால் அங்கே திருவிழா இல்லை, கூட்டம் இல்லை, மெலிந்த குதிரையும் இல்லை. மூடிய அரங்கில் ஒளி கண்ணைக் கூசச் செய்யும் தாக்குதல்கள் மட்டும் இருக்கின்றன. அவையும் அத்துமீறியதால், செப்டம்பரில் வந்த 1.14 அப்டேட்டில் தணிக்க வேண்டியதாயிற்று. ஊர் கூடி முறையாக அனுப்பி வைத்த ஒருவனைத் தோண்டியெடுத்து மறுபடி கொல்லச் சொல்வது, முதல் சாவுக்குக் கொடுத்த மரியாதையைத் திரும்பப் பெறுவதாகும். படுகளத்தில் எழுப்புவதற்கு ஒரு சடங்கும் ஒரு காரணமும் உண்டு. இங்கே இருப்பது புகழ்பெற்ற பெயரை இன்னொரு முறை பயன்படுத்தும் வசதி மட்டுமே. இந்த நிறுவனத்தின் மேல் பற்று உள்ளவர்கள்தான் இதை உரத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ‘எல்டன் ரிங்’கை வாங்கலாம், ராடானின் சண்டைக்காக மட்டுமேகூட வாங்கலாம். தள்ளுபடி வரும் வரை காத்திருந்தாலும் நட்டமில்லை. டிஎல்சியை அதன் நிலப்பரப்புக்காக வாங்குங்கள், முடிவுக்காக வேண்டாம். ரெட்மேன் கோட்டைக்குப் போகும்போது, தனியாக வென்றேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையை முற்றத்திலேயே விட்டுவிடுங்கள். மணலில் மின்னும் ஒவ்வொரு குறியையும் தொட்டு எல்லோரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அவன் விழுந்த பிறகு, அடுத்த இடத்துக்கு ஓடுவதற்கு முன், அந்த நினைவுப்பொருளின் குறிப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.