சேற்றில் ஓடும் பலகை

பலகையில் வழுக்கிப் போகும் கலை என்றாலே நம் பிள்ளைகளுக்குப் பனிமலைதான் நினைவுக்கு வருகிறது. புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் தோட்டத்து லயங்களில் பிறந்து, கோலாலம்பூரில் நல்ல வேலையில் அமர்ந்த இளைஞர்கள் இப்போது ஆண்டுக் கடைசியில் ஜப்பானுக்குப் புறப்படுகிறார்கள். நிசெக்கோ, ஹக்குபா என்ற பெயர்கள் அவர்கள் வாயில் சரளமாக வருகின்றன. எந்தப் பலகை நல்லது, எவ்வளவு செலவாகும் என்பதே பேச்சு. கேட்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விமானம் ஏறுமுன் ஒரு நாள், நீர் வற்றும் நேரம் பார்த்துச் சுங்கை செம்பிலாங் பக்கம் போய் நில்லுங்கள். கெராங் சிப்பி எடுக்கும் மலாய்க்காரர்கள் தோங்கா பலகையில் சேற்றின் மேல் போவதைப் பாருங்கள். வழுக்குவது என்றால் என்ன என்பதை அத்தனை தெளிவாகக் காட்டும் வித்தை வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர் வரை மலாக்கா நீரிணையின் கரை பெரும்பாலும் சேற்றுக்கரை. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் படிந்து படிந்து, முதலில் கண்டல் காடு, அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு சமவெளி. கடல் இங்கே நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். கிள்ளான் துறைமுகப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலைந்து மீட்டர் வித்தியாசம் இருக்கும். தரை ஏறக்குறையத் தட்டை என்பதால் அந்த நாலு மீட்டர் இறங்குவதற்குள் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும். அந்த வற்றத்தில்தான் சுற்றுலாக்காரர்கள் படகேறி, ‘ஸ்கை மிரர்’ என்று பெயர் வாங்கிய மணல்திட்டில் படம் எடுக்கப் போகிறார்கள். கெராங்காரர்களுக்கும் அதுதான் வேலை நேரம்.

கெராங் ஆழத்தில் இருப்பதில்லை. மேல்சேற்றுக்குச் சற்றுக் கீழே புதைந்திருக்கும். நம் கோய்த்தியாவ் தட்டில் வரும் அதே சிப்பிதான். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் உடைத்தால் ரத்தச் சிவப்பாகக் கசியும். எட்டிப் பறிக்கும் ஆழத்தில் அது இருந்தாலும் அதனிடம் போய்ச் சேருவது எளிதல்ல. கால் வைத்தால் முழங்கால் வரை போகும், சில இடத்தில் தொடை வரை. காலை உருவ முயன்றால் அடியில் காற்று புகாமல் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும். படகும் ஓடாது, தண்ணீர் இல்லை. படகுக்கும் காலுக்கும் நடுவே கிடக்கிற இந்த வெளிக்குக் கரையோர மக்கள் கண்ட வழிதான் தோங்கா.

ஒரு பெரியவர் தம் பலகையைக் கவிழ்த்துப் பார்க்க விட்டார். இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், ஒரு முழத்தை ஒட்டிய அகலம், இரண்டு விரல் கனம். முன்நுனியைச் சீவி, மேல்நோக்கிச் சற்றே தூக்கிவிட்டிருந்தார். அந்தத் தூக்கல் இல்லாவிட்டால் பலகை முதல் தள்ளலிலேயே சேற்றுக்குள் மூக்கை நுழைத்துவிடும். அடிப்பக்கம் ஆண்டுக்கணக்கில் சேற்றில் உரசி, விரலை வைத்தால் எங்கும் தட்டாத வழவழப்பு. மேல்பக்கத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னே, முழங்கால் ஊன்றும் இடத்தில் மரம் லேசாகக் குழிந்து கறுத்துப் பளபளத்தது. அந்தக் குழி ஓரிடத்தில் வட்டமாக நிற்காமல், பின்பக்கம் நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு இழுபட்டிருந்தது. ஏன் என்று அவர் வேலை செய்வதைப் பார்த்தபோது விளங்கியது.

இடது முழங்காலைப் பலகையில் மடித்து ஊன்றுகிறார். இரண்டு கையும் பலகையின் இரு விளிம்பில். வலது கால் வெளியே, சேற்றில். விரல்களைக் கூர்மையாக நீட்டி காலை உள்ளே விடுகிறார்; பிறகு பாதத்தால் மட்டும் அல்ல, கணுக்காலும் கெண்டைக்காலும் சேர்ந்து சேற்றைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. பலகை ஓடுகிறது. ஓட்டம் அடங்குவதற்குள் குதிகாலை ஒரு திருப்புத் திருப்பி, சேற்றின் பிடியைத் தளர்த்திக் காலை உருவிவிடுகிறார். அந்தத் திருப்பில்தான் கலை இருக்கிறது. திருப்பாமல் நேராக இழுத்தால் உறிஞ்சல் பிடிக்கும், தள்ளியதில் பாதி வேகம் காலை மீட்பதிலேயே செலவாகும். திருப்பினால் பக்கவாட்டில் தண்ணீர் புகுந்து சேறு விட்டுக்கொடுக்கிறது. தள்ளல், ஓட்டம், திருப்பல், உருவல். நாலும் ஒரே மூச்சில் நடப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவர் சும்மா மிதந்து போவதாகவே தெரியும்.

நடுவே நின்று கையை மணிக்கட்டு வரை விட்டு, இரண்டு மூன்று கெராங்கை எடுத்து முன்னால் இருக்கும் கூடையில் போடுகிறார். கூடை நிறைய நிறைய முன்பாரம் கூடும், மூக்கு தாழப் பார்க்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் முழங்காலை இரண்டு விரற்கடை பின்னுக்கு நகர்த்திக்கொள்கிறார். கூடை பாதியானதும் இன்னொரு நகர்த்தல். பலகையில் குழி நீண்டு கிடந்ததன் காரணம் இதுதான். காலிக் கூடைக்கு ஓரிடம், நிறைந்த கூடைக்கு ஓரிடம் என்று அவர் உடல் கண்டுபிடித்த கணக்கு மரத்தில் பதிந்திருக்கிறது. அளவுகோல் வைத்து இதைவிடச் சரியாக யாரும் குறித்துவிட முடியாது.

கணக்கு என்றதால் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால் அந்த எடை முழுவதும் ஏறக்குறைய 200 சதுர செண்டிமீட்டரில் இறங்குகிறது. அதே ஆள் 2 மீட்டர் நீளம், 40 செண்டிமீட்டர் அகலமுள்ள பலகையில் ஏறினால் எடை 8,000 சதுர செண்டிமீட்டரில் பரவுகிறது. அழுத்தம் நாற்பதில் ஒரு பங்கு. சேறு அவரைத் தாங்கிக்கொள்கிறது. அதோடு பலகைக்கும் சேற்றுக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று இருப்பதால் உராய்வு குறைந்து ஓட்டம் கிடைக்கிறது. பனியிலும் இதேதான்: உராயும் இடத்தில் பனி மெல்லியதாக உருகி வழுக்கலைத் தருகிறது. தோங்காவுக்கும் பனிப்பலகைக்கும் உறவு பேச்சுக்குச் சொல்வதல்ல, இரண்டும் ஒரே இயற்பியலில் ஓடுகின்றன.

சேறும் கடலும் உள்ள பல இடங்களில் இந்தப் பலகை தனித்தனியே பிறந்திருக்கிறது. நீரிணைக்கு அக்கரையில், ரியாவ் மாநிலத்து இந்திரகிரி ஹிலிரில் துவானு மக்கள் இதே பெயரில் இதே வேலையைச் செய்கிறார்கள். தாய்லாந்து வளைகுடாவின் சேற்றுக்கரைகளில் பலகைப் பந்தயமே நடக்கிறது. ஜப்பானின் அரியாக்கே கடலில் ஏற்றவற்ற வித்தியாசம் ஆறு மீட்டர் வரை போகும். அங்கே பலகையில் போய், நீண்ட தூண்டில் கழியை வீசி, சேற்றில் துள்ளும் மீனைக் கொக்கியில் மாட்டி இழுக்கிறார்கள். நம் கரையில் மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்று சொல்லும் மீனின் உறவுதான் அது. அந்தக் கடலோரத்துக் காஷிமா ஊரில் 1985 முதல் சேற்று விளையாட்டு விழா நடத்தி, பலகைப் போட்டியைக் காண வெளிநாட்டாரையும் வரவழைக்கிறார்கள். பிரான்சின் மேற்குக் கரையில் சிப்பி வளர்ப்போர் ஓட்டிய சேற்றுப் படகை 13ஆம் நூற்றாண்டில் கப்பல் உடைந்து கரையேறிய ஐரிஷ்காரர் பாட்ரிக் வால்டன் உண்டாக்கினார் என்று ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் சாமர்செட் கரையில் மீனவர்கள் மரச்சட்டம் ஒன்றின் மேல் சாய்ந்து தள்ளிக்கொண்டே வலைகளுக்குப் போனார்கள்.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் பனிப்பலகை மிக இளையது. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தம் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். ‘ஸ்னர்ஃபர்’ என்று அது கடைக்கு வந்தது. ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்ட் இடம்பிடித்தது 1998இல், நாகானோவில்.

பனிமலைக்குப் போகிறவர்களுக்கு இப்போது நேரடியாகச் சொல்கிறேன். முதல் பயணத்துக்குப் பலகை வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் காலணியை வாங்குங்கள். குதிகால் உள்ளே எழும்பாமல் பிடிக்கும் காலணி கிடைத்துவிட்டால் வாடகைப் பலகை எதுவும் வேலை செய்யும்; காலணி தொளதொளவென்றிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பலகையும் சொன்ன பேச்சுக் கேட்காது. பலகையை நிறுத்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வரவேண்டும் என்பது பழைய அளவு. உயரத்தைவிட எடையைப் பார்ப்பது சரி. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு 155 செண்டிமீட்டர் பக்கம் பொருந்தும். புதியவர் அதிலிருந்து சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். கையால் வளைத்தால் வளைந்துகொடுக்கும் மென்மையான பலகையைக் கேளுங்கள். விறைத்த பலகை வேகக்காரர்களுக்கானது. பாதம் பெரிதாக இருந்தால் அகலப் பலகை கேளுங்கள்; இல்லையென்றால் காலணி நுனி பனியில் உரசி ஆளைத் தள்ளும். நுனி இரண்டும் தரையிலிருந்து சற்றுத் தூக்கலாக இருக்கும் வகை, விளிம்பு சட்டென்று பனியில் குத்தாமல் காக்கும். தோங்கா செய்பவர் மூக்கைத் தூக்கிவிடுவதற்கும் காரணம் இதை ஒட்டியதே.

செலவில் பெரும்பகுதி பலகைக்குப் போவதில்லை. நிசெக்கோவில் மலையேற்றும் லிஃப்ட் சீட்டு மட்டும் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் யென்னைத் தாண்டிவிட்டது. வாடகைப் பலகை, காலணி, மேலாடை, பயிற்சியாளர், தங்குமிடம் எல்லாம் அதற்கு மேல். சின்ன ஊர்களின் சின்ன மலைகளில் சீட்டு விலை அதில் பாதிதான். முதல் மூன்று நாள் விழுந்து எழப்போகிறவருக்குப் பெரிய மலை எதற்கு? காசை மலைக்குக் கொடுப்பதைவிடப் பயிற்சியாளருக்குக் கொடுப்பது மேல். இந்தியாவுக்குப் போக நினைப்பவர்களுக்குக் காஷ்மீரின் குல்மர்க் இருக்கிறது. கேபிள் கார் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம் வரை ஏற்றிவிடும். மேல் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கு உரியவை, புதியவர்கள் கீழே உள்ள மென்சரிவிலேயே இருக்க வேண்டும்.

புதியவர்கள் பனியில் செய்யும் முதல் தப்பு பயத்தில் பின்காலில் சாய்வது. சாய்ந்ததும் முன்பகுதி பிடி விட்டுப் பலகை திரும்ப மறுக்கும். ஆனால் இடுப்பளவு புதுப்பனியில் போகும்போது தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே சற்றுப் பின்னே பாரம் வைப்பார்கள், மூக்கு மூழ்காமலிருக்க. எப்போது முன்னே, எப்போது பின்னே, எத்தனை விரற்கடை என்பதுதான் இந்தக் கலை முழுவதும். அந்தப் பெரியவரின் முழங்கால் நகர்ந்ததும் அதற்காகத்தான். அவருக்கு இறக்கம் உதவுவதில்லை. தட்டை வெளியில் ஒவ்வொரு மீட்டரையும் கால் சம்பாதிக்க வேண்டும். விளிம்பு வெட்டித் திரும்பவும் வழியில்லை. உடல் சாய்வாலும் தள்ளும் காலின் கோணத்தாலும் மட்டுமே திசை மாற்றுகிறார். பனியில் மலை செய்யும் வேலையையும் எஃகு விளிம்பு செய்யும் வேலையையும் இங்கே ஒரு மனிதனின் வலது கால் செய்கிறது. அதனால்தான் தோங்காவை நான் ஒரு படி மேலே வைக்கிறேன்.

நம்மவர்களுக்கும் வழுக்கும் ஆட்டம் புதிதல்ல. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பாக்கு மட்டையில் ஒருவரை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். பக்கத்துக் கம்போங்கிலும் அதே மட்டையில் அதே ஆட்டம் நடந்தது. ஆனால் சேற்றுக்கு நாம் இறங்கவில்லை. பால்மரமும் செம்பனையும் நம்மை மேட்டு நிலத்தில் நிறுத்திவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஜெராம் கரைக்குப் போய், கெராங் வாங்கி அவித்துத் தின்று திரும்பினோம். அது எப்படி வந்தது என்று திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது பார்ப்பதற்கு அவசரம் இருக்கிறது. 1980 வாக்கில் மலேசியாவின் கெராங் விளைச்சல் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. 2010க்குப் பிறகு அது சரசரவென்று விழுந்து, சில ஆண்டுகளிலேயே அந்த உயரத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டவும் திணறியது. நீர் மாசும் இயற்கையாகக் கிடைக்கும் குஞ்சுச் சிப்பி குறைந்ததும் காரணங்கள். கெராங் இல்லாத சேற்றில் தோங்காவுக்கு வேலை இல்லை. பலகை கெட்டுப்போகாமல் சுவரில் சாய்ந்திருக்கலாம். குதிகாலின் அந்தத் திருப்பு மட்டும் ஒருவர் செய்ய இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கை மாறும்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடற்படையின் நீரியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கரைக்குப் போய்விடுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பகல் வற்றம் சிறந்தது. தெரிந்தவர் துணையில்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். திரும்பும் கடல் தட்டை நிலத்தில் ஆள் நடப்பதைவிட வேகமாக வரும். இறங்கினால் நீண்ட காலுறை போட்டுக்கொள்ளுங்கள், உடைந்த சிப்பி அறுக்கும், செம்பிலாங் மீனின் முள்ளில் விஷம் உண்டு. பலகையில் ஏறிப் பார்க்க ஆசையென்றால் கேளுங்கள், மரியாதையாகப் பாச்சிக், மாச்சிக் என்று அழைத்துக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்வதில்லை. அவர்கள் வேலை முடிந்த பிறகு கேளுங்கள், வேலைக்கு நடுவே வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். திரும்பும்போது கெராங்கை அவர்களிடமே, சொன்ன விலைக்கு வாங்குங்கள்.