சென்னை ராஜ்யமும் நான்கு தீர்ப்புகளும்

இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 ஏப்ரல் முதல் மூன்றாண்டுக் காலம் சென்னையின் ஆட்சிப் பொறுப்பை வகித்தபோது, புதிதாய்ப் பிறந்த அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகளை உச்ச நீதிமன்றம் முதன்முதலாக உரைத்துப் பார்த்த பெருவழக்குகளில் நான்கு, சென்னை ராஜ்யத்தைக் கட்சியாகக் கொண்டே நடந்தன. தாமும் சிறை சென்ற தேசபக்தர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தவர். அத்தகையவரின் சர்க்கார் விசாரணையற்ற காவலுக்கும் பத்திரிகைத் தடைக்கும் நியாயம் சொல்ல நேர்ந்ததைத் தனி மனிதர் குறையாகக் கொள்வது பொருந்தாது. தெலங்கானாக் கிளர்ச்சியின் அச்சம் ஆட்சியாளர் அனைவரையும் பற்றியிருந்த காலம் அது. நான் ஆராய விழைவது, சாசனத்தை ஷரத்து ஷரத்தாகப் பிரித்து, எழுதியிருப்பதை மட்டுமே கொண்டு தீர்ப்பளித்த அந்நாளைய நீதிமன்ற முறையை.

அம்முறையின் வலிமை ‘கிராஸ் ரோட்ஸ்’ வாரப் பத்திரிகை வழக்கில் விளங்கிற்று. ராஜ்யத்தின் பாதுகாப்பைக் குலைக்கும் பேச்சுக்கே சாசனம் வரம்பிட அனுமதித்திருக்க, பொது அமைதி என்னும் விரிந்த காரணத்தால் பத்திரிகையைத் தடுக்கும் சட்டப்பிரிவு செல்லாது என்று 1950 மே 26 அன்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்புரைத்தார். ஆனால் ஒரு வாரத்துக்கு முன்னர், 1947 இறுதியிலிருந்து சிறையிலிருந்த ஏ. கே. கோபாலனின் தடுப்புக் காவல் வழக்கில், சட்டசபை இயற்றிய நடைமுறை எதுவாயினும் அது நியாயமானதா என்று நீதிமன்றம் வினவலாகாது என இதே முறை முடிவு கட்டிற்று. உரிமைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று தனித்து நின்று மறுத்த நீதிபதி ஃபசல் அலியின் கருத்து சட்டமாக, 1970இன் கூப்பர் வழக்கையும் 1978இன் மேனகா காந்தி வழக்கையும் நாடு எதிர்நோக்க வேண்டியதாயிற்று. அவரே பத்திரிகை வழக்கில் சர்க்கார் பக்கம் நின்றார் என்பதையும் மறைக்கலாகாது.

1951 ஏப்ரல் 9 அன்று வெளிவந்த செண்பகம் துரைராஜன் தீர்ப்பிலோ இம்முறையின் குறை முற்றிலும் வெளிப்பட்டது. கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு பதினான்கு இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கிட்ட வகுப்புவாரி உத்தரவு, ஒவ்வோர் இடத்தையும் பிறப்பால் பூட்டியது உண்மையே. அதில் நீதிமன்றம் கண்ட இடர்ப்பாடு ஆதாரமற்றதன்று. ஆயினும் உத்தியோகத்துக்கு விதிவிலக்கு உண்டு, கல்விக்கு இல்லை என்ற மௌனத்தையே தடையாகக் கொண்டு, நலிந்தோர் கல்வியை வளர்க்கச் சொல்லும் வழிகாட்டு நெறிகளைக் கீழ்ப்படுத்தியபோது, நூற்றாண்டுகளாகப் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் சரித்திரம் சாட்சியாகக்கூட ஏற்கப்படவில்லை. தமிழகம் கிளர்ந்தெழுந்தது, அவ்வாண்டிலேயே முதலாவது திருத்தம் 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது.

இம்முறையைத் தாண்டும் வழியைக் காட்டியதும் சென்னை வழக்கே. மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமென்று அறிவித்தது பற்றிய வி. ஜி. ராவ் வழக்கில், 1952 மார்ச் 31 அன்று, உரிமையின் இயல்பு, தடையின் நோக்கம், தீமையின் அளவு, அவசரம், காலநிலை ஆகிய அனைத்தையும் எடைபோட்டே தடை நியாயமானதா என்று காணவேண்டும் என உச்ச நீதிமன்றம் வகுத்தது. சர்க்காரின் சொந்தத் திருப்தியும், அதைப் பரிசீலிக்கும் ஆலோசனைக் குழுவும், நீதிமன்ற விசாரணைக்கு ஈடாகா என்றும் அது கூறிற்று. நான்கினுள் இதையே நான் தலையாயதாக மதிக்கிறேன்.

ஆனால் அவ்வளவுகோல் தடுப்புக் காவலுக்கு முழுமையாக வந்து சேரவில்லை. குண்டர் சட்டம் என வழங்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஆட்சியரின் உத்தரவால் ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை விசாரணையின்றி அடைக்கலாம். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்தும், இராஜபாளையத்துக் குடும்பமொன்று இவ்வுத்தரவை எதிர்த்து ஆட்கொணர்வு மனுவுடன் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கே செல்லவேண்டும். அங்கும் முறையீட்டைப் பரிசீலிப்பதில் தாமதம், நகலில் தெளிவின்மை, மொழிபெயர்ப்புத் தராமை போன்ற காரணங்களே பெரும்பாலும் விடுதலை தேடித் தருகின்றன. அம்மனிதரை அடைக்கத்தான் வேண்டுமா என்ற வினா, ராவ் வழக்கில் போதாதென்று தள்ளப்பட்ட அதே வகைச் சர்க்கார் திருப்திக்கும், அதே வகை ஆலோசனைக் குழுவுக்கும் விடப்பட்டிருக்கிறது.